ஒரு இட்லிக்கு 365 படி

கே: அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் வேலையே நடக்கவில்லை என்கிறார் எங்கள் சயின்ஸ் சார். நிஜமா? (பள்ளி மாணவன், பள்ளிப்பட்டு)

ப: நிஜம்தான் தம்பி. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லோடு ஏற்றும் அண்ணன்கள் காதில் போட்டுவிடாதே. மூட்டையை நீ தாங்கும் விசை மேல் நோக்கி. நீ போவதோ நேரே. விசை இருக்கும் திசையில் பொருள் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் கணக்கு. இரண்டும் செங்குத்தாக இருந்தால் பூஜ்யம். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் முன்னே தள்ளுவாய். நிற்கும்போது அது கழிந்துவிடும். உருப்படியான வேலை தரையிலிருந்து தலைக்குத் தூக்கியபோதே முடிந்தது: 50 கிலோ, ஒன்றரை மீட்டர் என்றால் 735 ஜூல்.

கே: ஜவுளிக்கடையில் பகல் முழுக்க நிற்கிறேன். என் கணக்கும் பூஜ்யமா? (திருவள்ளூர்)

ப: இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது. சுவரில் அடித்த ஆணி பையைச் சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் நிற்கும், டீகூடக் கேட்காது. தசை ஆணி அல்ல. நின்ற இடத்திலேயே அதன் இழைகள் சுருங்கிச் சுருங்கி விடுபடுகின்றன. தின்ற சோறு சூடாகப் போகிறது. கால் வலி மெய், ஜூல்தான் பதிவாகவில்லை. நல்லவேளை, சட்டப்பேரவை ஃபார்முலாவைப் பார்க்கவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. உட்கார நாற்காலி வந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கே: திருத்தணி மலைக்கு நான் படியேறினேன். தம்பி வளைந்து போகும் ரோட்டில் நடந்து வந்தான். யாருக்கு வேலை அதிகம்? (பொதட்டூர்பேட்டை)

ப: எடை ஒன்றானால் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலையும் ஒன்றே. அது உயரத்தை மட்டும் பார்க்கும், வழியைக் கேட்காது. படி 365. ஒரு படி 15 சென்டிமீட்டர், உங்கள் எடை 60 கிலோ என்று வைத்தால் சுமார் 32,000 ஜூல். உடம்பு செலவழிப்பதில் கால்வாசிகூட வேலையாக மாறாது. எனவே 35 கிலோகலோரி வரை எரிந்திருக்கும். அதாவது ஒரு சின்ன இட்லி. இறங்கி வந்து நாலு இட்லி, வடை சாப்பிட்டவர்கள் மன்னிக்கவும்.

கே: இதற்கு ‘வேலை’ என்று பெயர் வைத்தவர் யார்?

ப: 1829-இல் பிரான்சின் கோரியோலிஸ். இயந்திரங்களின் பலனை அளக்கும் புத்தகத்தில். கூலிக்காரரைக் கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

கே: கரும்பு டிராக்டர் கொசஸ்தலை ஆற்று மணலில் புதைந்து, பத்துப் பேர் தள்ளியும் அசையவில்லை. எங்கள் வேலை எவ்வளவு?

ப: பூஜ்யம். மணலை வாரி இறைத்த சக்கரம் மட்டும் ஏதோ செய்திருக்கிறது.

கே: கரையில் நின்று யோசனை சொன்னவர்?

ப: அவரும் பூஜ்யம். அதுதான் பத்துப் பேருக்கும் தாங்கவில்லை.