தடை போட்டவர்கள் தந்த பாடநூல்

கனடாவின் தொல்குடி மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட முறையைப் பாடமாக நடத்தப்போகும் ஆசிரியர்கள் பாடநூல் தேடி அலைய வேண்டாம். அந்நாடு 1876இல் இயற்றிய இந்தியர் சட்டமும் அதன் திருத்தங்களும் போதும். அம்மக்களின் ஆட்சிக்கு எது உயிர்நிலை என்பதை அச்சட்டத்தை எழுதியவர்கள் அத்தனை கூர்மையாகக் கண்டிருந்தார்கள். கண்ட இடத்திலெல்லாம் தடை போட்டார்கள்.

பசிபிக் கரையோரத்துக் குவாக்குவக்காவக்கு மக்களின் பாட்லாட்சைப் பாருங்கள். பெயர் சூட்டல், திருமணம், தலைவரின் வாரிசுரிமை எல்லாம் அந்தப் பெருவிருந்தில்தான் அறிவிக்கப்படும். வந்தவர்கள் சாட்சிகள், அவர்கள் வாங்கிச் செல்லும் பரிசே பதிவேடு. கொடுக்கக் கொடுக்கத்தான் தலைவருக்கு மதிப்பு. அதை வீண்செலவு என்று வாயால் இகழ்ந்த அரசு, மனத்துக்குள் ஒரு நாடாளுமன்றத்துக்கு உரிய மரியாதையைத் தந்திருக்கிறது. வெறும் விருந்துக்கு யார் சிறைத்தண்டனை வைப்பார்கள்? 1885 முதல் 1951 வரை அந்த மரியாதை குறையவேயில்லை. 1921இல் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் நடத்திய பாட்லாட்சுக்காக ஏறத்தாழ இருபது பேர் சிறை சென்றார்கள். பேசியதும் ஆடியதும் பரிசு கொடுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள்.

பெண்களின் ஆற்றலையும் அரசு குறைத்து மதிப்பிடவில்லை. ஹோடனஷோனி கூட்டமைப்பில் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் குலத்தாய்மார்கள். தவறினால் பதவியைப் பறிப்பவர்களும் அவர்களே. இதை நன்றாகப் புரிந்துகொண்டதால்தான் 1924இல் கிராண்ட் ரிவரில் கூடிய அத்தலைவர்களின் அவையைக் காவல்துறையைக் கொண்டு மூடி, ஆண்கள் மட்டும் வாக்களிக்கும் தேர்தலை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவையின் சார்பில் தெஸ்காஹே என்ற தலைவர் ஜெனீவாவுக்கே போய், உலக நாடுகள் சங்கத்திடம் நீதி கேட்டிருந்தார். அந்தக் குரலின் வலிமையை ஒட்டாவா அரசு சரியாகவே எடைபோட்டது.

தன் நீதிமன்றங்களின் நேர்மையிலும் அரசுக்கு அசையாத நம்பிக்கை. வழக்கு உள்ளே போனால் இம்மக்கள் வென்றுவிடுவார்கள் என்று நம்பியிராவிட்டால், நில உரிமைக் கோரிக்கைக்குப் பணம் திரட்டுவதையே 1927இல் குற்றமாக்கியிருக்க மாட்டார்கள். பெற்றோர்மீது வைத்த நம்பிக்கை இன்னும் பெரிது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மொழி, சடங்கு, சட்டம் மூன்றையும் தாயும் பாட்டியுமே கற்றுக்கொடுத்து விடுவார்கள் என்று உறுதியாக நம்பித்தான் அவர்களை உறைவிடப் பள்ளிகளுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. இந்த வரியை நடத்தும்போது ஆசிரியர் அவசரப்படக் கூடாது.

அக்கறைக்கும் குறைவில்லை. கிரான்மர் பாட்லாட்சை ஒட்டிக் கைப்பற்றிய முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் திருப்பித் தர அரை நூற்றாண்டு கழித்து இசைந்தபோது, முறையான அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்று நிபந்தனை போட்டார்கள். வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பொருள் பத்திரமாக இருக்க வேண்டுமே! அம்மக்களும் கட்டினார்கள். அலர்ட் பேயில் உமிஸ்தா பண்பாட்டு மையம் 1980இல் திறந்தது. பாட்லாட்ச் இப்போது வெளிப்படையாக நடக்கிறது. கிராண்ட் ரிவரில் 1924இல் மூடப்பட்ட அவையும் இன்றுவரை கூடிக்கொண்டிருக்கிறது.