குடும்பச் சலுகையில் துப்பாக்கிப் பயிற்சி கிடைக்குமா?

அனுப்புநர்:
நான், என் மனைவி, பிள்ளைகள் இருவர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் என் மாமனார்,
டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர், டெக்சஸ்.

பெறுநர்:
மாண்புமிகு உறுப்பினர்கள்,
டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம், ஆஸ்டின்.

பொருள்: குடும்பத்தார் ஐவருக்கும் கட்டுபடியாகும் கட்டணத்தில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது 2021-ஆம் ஆண்டுச் சட்டம், ஹெச்.பி. 1927.

மாண்புமிகு ஐயா / அம்மா,

மனு என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்து ஒரு வாரமாகிறது என்று நகராட்சி ஆணையருக்கு எழுதி எழுதிப் பழகிய கை இது. துப்பாக்கி கேட்டு எழுதுவது புதுசு. தப்பாக எண்ண வேண்டாம்; துப்பாக்கி அல்ல, பயிற்சிதான் கேட்கிறோம். உங்கள் மாநிலத்தில் இரண்டில் எது சுலபமாகக் கிடைக்கும் என்பது தெரிந்த பிறகுதான் மனு எழுத உட்கார்ந்தேன்.

துப்பாக்கி அனுபவம் என்று எங்கள் குடும்பத்துக்குச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடித்த தகரத் துப்பாக்கி. அதை விட்டால், கல்லூரி என்.சி.சி. முகாமில் தரையில் படுத்துக்கொண்டு சுட்ட .22 ரைஃபிள். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை ஹவில்தார் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொள்வார். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் குனிந்து புல்லில் தேட வேண்டும். கிடைக்கிற வரை டீ கிடையாது. வெடித்து முடிந்த பித்தளைக் கூட்டுக்கே இவ்வளவு கெடுபிடி செய்யும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, இங்கே பல்பொருள் அங்காடியில் கூடாரத்துக்கும் தூண்டிலுக்கும் அடுத்த வரிசையிலேயே தோட்டா டப்பா இருப்பது பழக நாளாகிறது.

நான் எச்-1பி விசாக்காரன். வேலை மாறுவதென்றால் புது முதலாளி மனுப்போட வேண்டும். ஊருக்குப் போனால் திரும்பி வர முத்திரைக்காகத் தூதரக வாசலில் காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையோ என் மகன் கல்யாணத்துக்குள் நகருமா என்று தெரியவில்லை. இப்படி எல்லாக் கதவும் சாத்தியிருக்கிற எங்களுக்கும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது கூட்டாட்சிச் சட்டம். விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் கையில் வேட்டை உரிமம் இருந்தால் வைத்திருக்கலாம். டெக்சஸில் வசிப்பவருக்கு அந்த உரிமம் 25 டாலர். மானைச் சுட்டே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வக்கீலுக்கு இதுவரை அழுத பணத்தை நினைத்தால், அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த மலிவான உரிமை இதுதான்.

வேட்டைக்குப் பயிற்சி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அதை முடித்தாக வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து படித்தால் 15 டாலர். இப்போது படிக்க நேரமில்லை, ஓராண்டு தள்ளிப்போடுகிறேன் என்றால் 10 டாலர். விவரம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் போதும். படிப்பதைவிடப் படிக்காமல் இருப்பது ஐந்து டாலர் லாபம் என்ற கணக்கை என் மாமனாரிடம் விளக்கினேன். முப்பத்தைந்து வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். "இந்த முறை நம்ம பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா நானே இன்னும் அஞ்சாங்கிளாஸ்ல இருந்திருப்பேன் மாப்பிள்ளை" என்றார். அவர் அந்தத் தேதிக்கு முந்திப் பிறந்தவர் என்பதால் அவருக்குப் பயிற்சியே வேண்டாம். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. காபி டம்ளர் கையில் ஆடுகிறது. ஆனால் பிறந்த தேதி சரியாக இருக்கிறது.

இனி பார்வையில் கண்ட சட்டத்துக்கு வருகிறேன். 2021-க்கு முன் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போக உரிமம் வேண்டியிருந்தது. அதற்கு நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத்தில் சுட்டுக் காட்டுவது எல்லாம் இருந்தன. உரிமக் கட்டணம் 140 டாலர். ஏழை எளியவர்களை நினைத்து 2017-இல் நீங்கள் அதை 40 ஆக்கினீர்கள். பயிற்சிக் கட்டணமும் குறைந்தால் நன்றாயிருக்குமே என்று ஜனங்கள் ஏங்கியிருந்த வேளையில், 2021 ஜூன் 17 அன்று சான் ஆன்டோனியோவில் அலமோ கோட்டையில் மேசை போட்டு ஆளுநர் கிரெக் அபாட் இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, சட்டப்படித் துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத 21 வயதுக்காரர் எவரும் உரிமமும் பயிற்சியும் இல்லாமலே வெளியில் எடுத்துப் போகலாம். கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் படிப்பையே எடுத்துவிட்ட பெருந்தன்மையை வேறெந்தக் கல்வித்துறையிலும் நாங்கள் கண்டதில்லை.

அதே சட்டத்தில், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி இணையத்தில் இலவசப் பாடம் ஒன்று வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வைத்தும் இருக்கிறார்கள். யாரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த இலவசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் மிக்சி கொடுத்தார்கள், கிரைண்டர் கொடுத்தார்கள், அதில் மாவரைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு கொடுக்கவில்லை.

ஆனால் உங்கள் மாநிலத்தில் படிப்புக்கு மதிப்பில்லை என்று மாமனாரிடம் நான் சொல்லவில்லை. என் தலைமுடியை வெட்டுகிறவர் 1,000 மணி நேரம் படித்து உரிமம் வாங்கியவர். என் மனைவியின் நகத்துக்குச் சாயம் பூசுகிற பெண் 600 மணி நேரம். ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்காரக்கூட உரிமம் வேண்டும். கெளுத்தி மீனுக்கு அரசாங்கத்திடம் அந்தச் செல்வாக்கு இருக்கிறது.

தனியாரிடமும் விசாரித்தோம். சுடுதளக் கட்டணம், கண்ணாடி, காதுக்கவசம், தோட்டா, இலக்குத் தாள் என்று தனித்தனியாக ரசீது போட்டால் ஐந்து பேருக்கு மளிகைச் செலவுபோல வருகிறது. வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்குச் சலுகை உண்டு என்றார் மேசையில் இருந்தவர். குடும்பமாக வந்தால் என்று கேட்டேன். பிறந்தநாள் விழா நடத்தித் தருவோம், கேக் நீங்கள் கொண்டுவரலாம் என்றார். நல்ல மனிதர்தான்.

இவ்வளவு அலைந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டில் ஐவரில் இருவருக்குப் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது; அதுவும் சல்லிக்காசு செலவில்லாமல்.

மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்குள் யாராவது துப்பாக்கியோடு புகுந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் மூச்சு விடுகிற சத்தம் கேட்காமல் உட்காரத் தெரியும். டீச்சர் வெளியிலிருந்து குரல் கொடுத்தாலும் திறக்கக் கூடாது என்பதும் தெரியும். போன மாதம் செருப்புக் கடையில், நடந்தால் குதிகாலில் விளக்கு மினுக்கும் ஷூவை ஆசையாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள், இரண்டடி நடந்தாள், கழற்றி வைத்துவிட்டாள். "இது வேண்டாம்மா, இருட்டுல ஒளிஞ்சா காட்டிக் குடுத்துடும்." கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. விளக்கில்லாத ஜோடி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். கேட்கிற முதல் பிள்ளை இவளில்லை போலிருக்கிறது.

மகன் எட்டாம் வகுப்பு. பள்ளிகளில் ரத்தப்போக்கை நிறுத்தும் பெட்டி வைக்க வேண்டும், ஏழாம் வகுப்பிலிருந்து மாணவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்று 2019-இல் நீங்கள் சட்டம் போட்டீர்கள். தொடைக்கு மேலே பட்டியைச் சுற்றி, குச்சியை முறுக்கி, கட்டிய நேரத்தை அதன் மேலேயே எழுத வேண்டுமாம். தாத்தாவின் காலில் செய்து காட்டினான். அவன் கையில் நடுக்கமில்லை.

சின்னவர்களுக்குப் புத்தகமும் உண்டு. 2023 மே மாதம், டாலஸில் சிறு வகுப்புப் பிள்ளைகளின் பையில் வின்னி த பூ கரடி படம் போட்ட புத்தகம் வீடு வந்து சேர்ந்தது. ஆபத்து வந்தால் ஓடு, ஒளி, முடியாவிட்டால் எதிர்த்து நில் என்று கரடியும் அதன் கூட்டாளிகளும் சொல்லிக்கொடுக்கின்றன. தேன் குடிக்கிற கரடிக்கு இந்த வயதில் இப்படி ஒரு வேலை. பெற்றோருக்கு விளக்கம் எதுவும் தராமல் கொடுத்துவிட்டோம் என்று கல்வி மாவட்டம் பிறகு வருத்தம் தெரிவித்தது.

ஆக, சுடப்படக்கூடியவர்களுக்குப் பயிற்சி இலவசம், வருடாவருடம், வகுப்பைத் தவறவிட முடியாது. சுடக்கூடியவருக்கு மட்டும்தான் அவர் இஷ்டம். இப்படிப் பிரித்ததில் ஒரு சிக்கனம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்; குழந்தைகள் சொன்னபடி கேட்பார்கள், ஓட்டும் போட மாட்டார்கள்.

பெரியவர்களான நாங்கள் சிக்கித் தவிப்பது வேறு இடத்தில். மகளை யாராவது விளையாடக் கூப்பிட்டால் மனைவி அந்த வீட்டு அம்மாவுக்குப் போன் செய்கிறாள். நிலக்கடலை ஒத்துக்காது என்று சொல்லிவிடுகிறாள். நாய் உண்டா, நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா என்று கேட்டுவிடுகிறாள். அடுத்த கேள்விக்கு வரும்போது குரல் இறங்கி, வானிலைக்குத் தாவிவிடுகிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொல்லிக் குழந்தை மருத்துவர்களே அறிவுறுத்துகிறார்கள். ஆனால் புதிதாகப் பழகும் வீட்டில் அதைக் கேட்பது, சம்பந்தி வீட்டில் பீரோ சாவி கேட்கிற மாதிரி இருக்கிறதாம். கேட்டால்தான் என்ன பதில் வரும்? பிள்ளைகளுக்கு அது இருக்கிற இடமே தெரியாது என்பார்கள். உலகத்தில் எந்த அம்மா ஒளித்து வைத்ததை எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கவில்லை?

பூட்டுவதற்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி விடுவது குற்றம் என்று சட்டமிருக்கிறது. அதைத் துப்பாக்கிக் கடையில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. நான் போன கடையில் பார்த்தேன், மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் விளம்பர எழுத்து ஓர் அடி உயரத்தில் இருந்தது. ஆனால் பிள்ளை எடுத்த பிறகுதான் அது குற்றமாகிறது. எடுப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்க்க யாருமில்லை. துப்பாக்கிப் பெட்டகத்துக்கும் பூட்டுக்கும் 2021-இலேயே விற்பனை வரியை நீக்கிவிட்டீர்கள். குழந்தைகளின் டயாபருக்கு வரி நீங்கியது 2023-இல்தான். முன்னுரிமை வரிசையைக் குறிப்பிட்டேன், குற்றம் சொல்லவில்லை, பூட்டு நல்லதுதான்.

மாமனாருக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது, அதை அப்படியே அனுப்புகிறேன். 2022 மே 24 அன்று, உங்கள் மாநிலத்து யுவால்டியில் ராப் தொடக்கப் பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 18. பிறந்தநாள் வந்ததும் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி. வந்து சேர்ந்த காவலர்கள் மொத்தம் 376 பேர் என்று எண்ணிச் சொன்னது உங்கள் சபையின் விசாரணைக் குழுதான். அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள். வகுப்பறைக்குள் போக 77 நிமிடம் ஆனது. உள்ளேயிருந்த குழந்தைகள் சொல்லிக்கொடுத்தபடி சத்தம் போடாமல் படுத்திருந்தார்கள். மெதுவான குரலில் 911-ஐக் கூப்பிட்டார்கள். "யாருக்கு மாப்பிள்ளை பயிற்சி பத்தலை?" என்று கேட்கிறார். ஆசிரியர் கேள்வி, நழுவ முடியவில்லை.

ஆகவே, 2020 முதல் இந்த நாட்டில் 1 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளின் சாவுக்கு முதற்காரணம் துப்பாக்கிதான் என்பதையும் கருத்தில் கொண்டு, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். என் மகளுக்குக் கிடைக்கிற பயிற்சியில் பாதியாவது, துப்பாக்கி வாங்குகிறவருக்குக் கட்டாயமாகக் கிடைக்க வேண்டும். மணிக்கணக்கு எவ்வளவு என்று முடிவு செய்யச் சிரமமாக இருந்தால், நகச்சாயத்துக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்கு போதும். கட்டணம் நாங்களே கட்டிக்கொள்கிறோம். வகுப்பைத் தள்ளிப்போட 10 டாலர் வாங்குவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதுவரை, மினுக்காத ஷூவுக்காவது விற்பனை வரி விலக்கு அளிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள் ஐவர்.

இணைப்பு: மாமனாரின் பிறந்த தேதிச் சான்று (நகல்); மகன் வரைந்த, ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டின் படம்.

பி.கு.: சபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் 140 நாள் கூடுகிறது என்று அறிந்தோம். 2027 ஜனவரியில் நேரில் வந்து மனுவைக் கொடுக்க உத்தேசம். ஆஸ்டின் சட்டமன்றக் கட்டட வாசலில் எல்லோரும் உலோகம் கண்டறியும் கருவி வழியாகப் போக வேண்டுமாம். இப்போதும் விரும்பிக் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தனி வழியாம், சோதனை இல்லையாம். என் மாமனார் வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அதில் ஒரு பாக்குவெட்டி இருக்கிறது. அதற்கு எந்த வரிசை என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.