நாலெழுத்தின் இறுதி நிலை: ஒரு சிற்றாராய்ச்சி

‘நாலெழுத்துப் படித்தவர்’ என்று ஊரில் சிலரைச் சொல்வதுண்டு. எந்த நாலெழுத்து என்று இதுவரை எந்த ஆய்வாளரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். விஞ்ஞானம்: மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரோடு முடிந்தது. கணிதம்: வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே ‘வீசகணிதம்’ என்று நூல் போட்டுவிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். பெரிய வேலையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டதால் நமக்கு மிஞ்சியது எழுத்தெண்ணிப் படித்தல். அதைச் சொல்லுக்குச் சொல் செய்வோம்.

இங்கிலிஷில் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லாக எழுதி, எழுத்துகளை எண்ணுக. வந்த எண்ணை மறுபடி எழுதி எண்ணுக. ருவென்ரிக்கு ஆறு எழுத்து, சிக்ஸுக்கு மூன்று, திறீக்கு ஐந்து, ஃபைவுக்கு நான்கு. ஃபோருக்கும் நான்கேதான், அதோடு வண்டி நின்றுவிடும். எங்கே ஏறினாலும் ஃபோரில்தான் இறங்கவேண்டும் (சந்திக் கடை, காலை). ஃபோர்ட்டியின் எழுத்துகள் அகரவரிசையில் நிற்பதும் உண்மை. அதனால் ஆருக்கும் பயனில்லை.

தமிழில்? பன்னிரண்டுக்கு ஆறு எழுத்து, ஆறுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு, நான்குக்கு மூன்று. மூன்றுக்கு மூ, ன், று என மூன்று. இருபதில் தொடங்கினாலும் கோடியில் தொடங்கினாலும் மூன்றில்தான் வந்து விழுகிறது (சந்திக் கடை, இடப்பக்க வாங்கு, ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர், முதலாம் பிளேன்ரீ, பனங்கட்டி கடித்தபடி).

‘எழுத்தை எண்ணுவது சின்னப்பிள்ளை வேலை, மாத்திரையை அல்லவா எண்ணவேண்டும்’ என்று பண்டிதர் ஒருவர் குறுக்கிடுவார் என்பதால் அதையும் எண்ணிவைத்தோம். மூ நெடில், 2. ன் மெய், அரை. று குற்றியலுகரம், அரை. கூட்டினால் 3. எழுத்தாலும் மூன்று, மாத்திரையாலும் மூன்று! இப்படியொரு பொருத்தத்தை ஃபோர் கனவிலும் கண்டிராது. (மேற்படி கடை, மேற்படி வாங்கு; மாஸ்டர் இரண்டாம் பிளேன்ரீக்கும் மூன்றாம் பிளேன்ரீக்கும் இடையில் சொன்னது; பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்து ஓரத்தில் குறிக்கப்பட்டு, பின்னர் அதிலேயே வடை மடிக்கப்பட்டதால் மூலப்படி எண்ணெயில் ஊறிய நிலையில் கிடைக்கிறது.)

அடுத்து பேச்சுத்தமிழ். நாம் ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு என்கிறோம். நாலுக்கு இரண்டெழுத்து, ரெண்டுக்கு மூன்று, மூண்டுக்கும் மூன்று. செந்தமிழில் போனாலும் சந்தைத்தமிழில் போனாலும் ஒரே இடம்தான். பிரச்சினை நடுவில் நிற்பவர்களுக்கு. ‘இரண்டு’ என்று இலக்கணமாகத் தொடங்கி, களைப்பில் ‘நாலு’ என்று இறங்கிவிடுகிறார்களே, அவர்களுக்கு. இரண்டுக்கு நான்கெழுத்து, ஆக நாலு. நாலுக்கு இரண்டெழுத்து, ஆக இரண்டு. மறுபடி நாலு, மறுபடி இரண்டு. ஆறும் ஏழும் ஒன்பதும்கூட இந்தச் சுழிக்குள் விழுந்தால் மீளாது. சில ஆய்வுக் கட்டுரைகள் ஏன் முடிவுரைக்கு வந்தபிறகும் முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வெளிவரவில்லை. அவற்றின் நடையும் இதே கலப்புத்தான்: முதற் பந்தியில் தொல்காப்பியர், மூன்றாம் பந்தியில் ‘மேற்சொன்ன மாதிரி’.

(மேற்படி கடை, மாலை, மழைக்கு உள்ளே இழுத்துப் போட்ட வாங்கு, மாஸ்டரும், அவர் சொல்வதெல்லாம் பிழையென்று சொல்வதற்கென்றே வரும் இன்னொரு மாஸ்டரும், இருவருக்கும் பொதுவாக ஒரு றோல்ஸும் முன்னிலையில், வாக்கெடுப்பில் றோல்ஸ் நடுநிலை.)

ஆய்வு முடிவை எழுத்தில் மறுத்தவர் எவருமில்லை. கடை முதலாளி மட்டும் கொப்பியில் கணக்கெழுதியபடி வாய்மொழியாக ஓர் ஆட்சேபம் தெரிவித்தார்: “இரண்டு நாலாகிறதிலை எனக்கொரு பிரச்சினையுமில்லை மாஸ்டர். நாலு திரும்ப இரண்டாகிறதுதான் இந்தக் கடைக்குச் சரிவராது.”