வெட்டோத்திக்கு ஒரு பாலிசி

அனுப்புநர்: ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர் ஒருவன், திற்பரப்பு, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம், ஹைதராபாத்.

பொருள்: பள்ளிக்கூடங்களுக்கு வெட்டுக்குத்துப் பாலிசி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

நான் கோதையாற்றங்கரையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறவன். முப்பது வருஷம் ஃபயர் பாலிசி விற்றுப் பிழைத்தேன். அருவிச் சாரலிலும் அடைமழையிலும் ஊறிக் கிடக்கும் ஊரில் தீக்குப் பாலிசி விற்றிருக்கிறேன் என்பதிலிருந்தே என் திறமையைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

போன வாரம் சாயாக்கடையில் ஒரு வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, “சாரே, பிள்ளைய ஸ்கூலுக்கு வெட்டோத்தி கொண்டுவந்தா, அதுக்குப் பாலிசி உண்டா?” என்று கேட்டார். வெட்டோத்தி என்றால் ஹைதராபாத்தில் விளங்காது. விறகு கீறவும் தேங்காய் வெட்டவும் சக்கை பிளக்கவும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சுவரோரம் சாத்தியிருக்கும் சாமான். ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் அருவாள் என்பார்கள். தெரியாது என்று சொல்ல என் முப்பது வருஷ கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, பழைய பாலிசி வாசகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன்.

என்ன ஒரு இலக்கியம் ஐயா அது! பன்னிரண்டு ஆபத்துகள். இடி விழுந்தால் பணம். விமானம் விழுந்தால் பணம். மலைச்சரிவுக்கும் தண்ணீர்த் தொட்டி வெடிப்புக்கும் பணம். வண்டியோ மிருகமோ வந்து மோதினாலும் பணம். கோதையாற்று மலையிலிருந்து இறங்கி வரும் யானை பள்ளிக்கூடச் சுவரை முட்டினாலும் பணம் உண்டு. ஒரே நிபந்தனை, அந்த யானை பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானதாக இருக்கக் கூடாது. ஏவுகணைச் சோதனையில் சேதம் வந்தாலும் பணம் உண்டாம். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்களே தவிர, எங்கள் ஊர் வகுப்பறை மேல் இதுவரை ஏவுகணை எதுவும் விழவில்லை. விழுந்தால் கவலையில்லை.

கலவரத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. 2022 ஜூலை 17 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில், பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் மரணத்தைத் தொடர்ந்து கூட்டம் ஒன்று தனியார் பள்ளிக்குள் புகுந்ததைத் தாங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பஸ்கள் எரிந்தன. பெஞ்சுகளைச் சிலர் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று சுற்றுவட்டாரத்தில் தண்டோரா போட வேண்டியதாயிற்று. அந்தப் பள்ளி என்ன பாலிசி வைத்திருந்தது என்பது என் விஷயமல்ல. நான் விற்ற வாசகத்தை வைத்துச் சொல்கிறேன்: கலவரக்காரன் பெஞ்சை எரித்தால் பணம் உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோனால் இல்லை. ஆகவே கலவரம் செய்கிறவர்கள் பள்ளிக்கூடத்தின் நலன் கருதி எதையும் எடுத்துச் செல்லாமல், அங்கேயே கொளுத்திவிடுவது உத்தமம். 2021-இல் வந்த ‘பாரத்’ பாலிசிகளில் திருட்டையும் சேர்த்திருக்கிறீர்கள். வாழ்க. ஆனால் சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள் திருடியாக வேண்டும். எட்டாம் நாள் வருகிற சோம்பேறித் திருடனை நம்பி இருந்தால் பள்ளிக்கூடம் மோசம் போகும்.

கனியாமூரில் பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. பழைய வாசகத்தில் ‘ஆவணங்கள்’ தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் கணக்கில் வராது. ஃபேனுக்கு விலை உண்டு, டி.சி.க்கு இல்லை.

சரி, உயிர்களுக்கு? மாணவர் விபத்துப் பாலிசியும் விற்றிருக்கிறேன். அதில் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டு கண் போனால் நூறு சதவீதம், ஒரு கை போனால் ஐம்பது. விரல் வரைக்கும் கணக்கு உண்டு. 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப் பையில் அருவாள் கொண்டுவந்து உடன் படிக்கிறவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு. பென்சில் தகராறு என்றார்கள். அந்த வகுப்பில் மீதி இருந்த பிள்ளைகளுக்கு ஒரு விரலும் போகவில்லை. உங்கள் பட்டியலில் அவர்கள் பூஜ்யம் சதவீதம். மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரன் பென்சில் கேட்டால் கொடுக்கலாமா கூடாதா என்று யோசிக்கிற பிள்ளைக்கு என்ன சதவீதம் போடுவது? பாலிசி கேட்பது ‘கண்ணுக்குத் தெரியும் சேதம்’. சர்வேயர் வந்து டேப் வைத்து அளக்க வேண்டுமே.

வாத்தியார்கள் கதையும் இதுதான். 2012 பிப்ரவரி 9, சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பிலேயே குத்திக் கொன்றான். 2024 நவம்பர் 20, தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் அரசுப் பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் இருபத்தாறு வயது ஆசிரியையைக் குத்திக் கொன்றான். இரண்டு கட்டடத்துக்கும் சேதம் இல்லை.

நாங்குநேரிக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 9. தன்னை இம்சிக்கிற மாணவர்களைப் பற்றி ஒரு தலித் மாணவன் பள்ளியில் சொன்னான். அன்று இரவே அருவாள் அவன் வீட்டுக்கு வந்தது. குறுக்கே பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. இதை எந்தப் பள்ளிப் பாலிசியில் சேர்ப்பீர்கள்? காம்பவுண்டுக்குள் நடந்தால்தானே ‘வளாகம்’? பகை வகுப்பறையில் முளைத்தது, வெட்டு வீட்டில் விழுந்தது. சாதிக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது என்பதைத் தங்கள் வாசகம் எழுதியவர் மறந்துவிட்டார். யானையை நினைவில் வைத்தவர் இதை விட்டுவிட்டாரே என்பதுதான் ஆதங்கம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் குறுக்கிட்டு, அதெல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் என்பார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எங்கள் மாவட்டம்தான் எழுத்தறிவில் முதலிடம், 91.75 சதவீதம் என்று மார் தட்டுவார். மண்டைக்காடு மதக் கலவரம், 1982 என்று மட்டும் நான் மெதுவாகச் சொல்வேன். சாயா ஆறிவிடும் என்று அவர் கிளம்பிவிடுவார்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் நன்றாக முன்னேறியிருக்கிறது. துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைகிறவனுக்கென்றே அங்கே தனிப் பாலிசி விற்கிறார்கள். ஈமச் சடங்குச் செலவு, பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை, கூடுதல் காவல் எல்லாம் அதில் அடக்கம். 2018-இல் பார்க்லண்டில் 17 பேர் செத்த பிறகு அதற்கு நல்ல கிராக்கி. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இன்னொரு செய்தி வயிற்றில் பால் வார்த்தது. 2013-இல் கன்சாஸ் மாநிலம், ஆசிரியர்கள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கு வரலாம் என்று சட்டம் போட்டது. அங்கே பெரும்பாலான பள்ளிகளுக்குக் காப்பீடு கொடுத்துவந்த இ.எம்.சி. கம்பெனி, அப்படியானால் உங்களுக்குப் பாலிசி கிடையாது என்று சொல்லிவிட்டது. அறவுணர்ச்சியில் சொல்லவில்லை, நஷ்டக் கணக்குப் பார்த்துச் சொன்னது. எனக்கு அது போதும்.

ஏனென்றால் இந்த நஷ்டக் கணக்குதான் எனக்குத் தெரிந்த வித்தை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் வெந்த பிறகுதான் பள்ளிகளின் ஓலைக்கூரையை அரசாங்கம் கண்டது. ஓலைக்கூரை என்றால் கூடுதல் பிரிமியம் என்று ஃபயர் பாலிசி விற்கிறவனுக்கு அதற்கு முன்பே தெரியும். நாங்குநேரிக்குப் பிறகு அரசாங்கம் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: கையில் சாதிக் கயிறு வேண்டாம், அகரவரிசைப்படி உட்கார வையுங்கள், பள்ளிப் பெயரிலிருந்து சாதியை எடுங்கள். நீதிபதி சொன்னால் அது பரிந்துரை. இதையே ஒரு சர்வேயர் சொல்லட்டும். மணல் வாளியில் மணல் இல்லை என்று அவர் எழுதினால் மறுநாள் லாரியில் மணல் வந்து இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே 2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு என்ற தங்கள் லட்சியத்தில் இந்தப் பாலிசியையும் சேர்க்கக் கோருகிறேன். புரபோசல் ஃபாரத்தை நானே தயாரித்துவிட்டேன். கேட்காவிட்டாலும் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதானே நம் தொழிலின் அடிப்படை விதி. என் கேள்விகள் சில: வகுப்பில் எத்தனை நிறக் கயிறுகள், எந்த நிறம் எந்த வரிசையில்? ஒருவனுக்கு எப்போதும் இன்னொருவன்தான் தின்பண்டம் வாங்கி வருகிறானா? புகார் சொன்ன பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா, அன்று இரவு யார் விசாரித்தார்? ஆசிரியர் அறையில் யாருடைய டம்ளர் தனியாக இருக்கிறது?

ஃபாரத்தை ஒரு தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். “சாரே, இதுல நான் ஒப்பு போட்டா ஸ்கூலுக்குப் பாலிசி கிடைக்குமோ என்னவோ, எனக்கு டிரான்ஸ்பர் கிடைக்கும்” என்றார். யானைப் பாலிசி இருந்தால் கொடுங்கள், அதில் போடுகிறேன் என்றும் சொன்னார்.

கையெழுத்தில்லாத அந்த ஃபாரத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் தவணையை எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்று தெரிவிக்கவும். சாயாக்கடையில் வாத்தியார் பதிலுக்குக் காத்திருக்கிறார். நான் நான்கு நாளாக வேறு கடையில் குடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய முகவர்

இணைப்பு: மேற்படி ஃபாரம், ஒரு பிரதி. கையெழுத்துக்கான இடம் காலி.