பழுது நீக்கும் பக்கத்தை எழுதியவருக்கு

அனுப்புநர்: மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் வாடிக்கையாளர், ஆர்.கே.பேட்டை, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்: கையேடு எழுதும் பிரிவு, ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பெனி.

பொருள்: தண்ணீர் சுடாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கையேட்டில் 'தண்ணீர் சூடாகவில்லையா?' என்ற கேள்விக்கு நேரே 'சுவிட்ச் போட்டிருக்கிறதா பாருங்கள்' என்று இருக்கிறது. பார்த்தோம், போட்டிருக்கிறது. சிவப்பு விளக்கும் எரிகிறது. அடுத்த வரி, 'அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும்'. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் ஐயா, எங்கள் ஊர் முழுவதும் இருக்கிறது. (இதையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டிருக்கிறீர்கள். தமிழும் தெலுங்கும் பேசும் எல்லையோரத்துக்காரர்கள் நாங்கள், படம் பார்த்துப் புரிந்துகொண்டோம்.)

பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, 230 வோல்ட் என்று பொடி எழுத்தில். எங்களூர் தறி ஊர். விசைத்தறிகள் ஓட ஆரம்பித்து, கழனி பம்புசெட்டும் சேர்ந்துகொண்டால் வீட்டு ஸ்டெபிலைசர் 180 காட்டும். வோல்டேஜ் கால்வாசிகூடக் குறையவில்லையே என்று நினைப்பீர்கள். ஆனால் காயிலின் வாட் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இறங்குகிறது. உங்கள் 2000 வாட் 1225 ஆகிவிடும். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 230 வோல்ட்டில் 18 நிமிடம் போதும், 180-ல் அரை மணி. அதற்குள் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. 'லோ வோல்டேஜா? பழுதில்லை, பொறுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் மெக்கானிக்குக்கு ஒரு நடை மிச்சம்.

பொறுத்தும் சுடவில்லையென்றால் போர் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் சூடு ஏற ஏறச் சுண்ணாம்பாகிக் காயில் மேல் ஓடு கட்டுகிறது. தெர்மோஸ்டாட் காயிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால், ஓடு தடித்து இரண்டையும் ஒட்டிவிட்டால், காயிலின் சூட்டையே தண்ணீரின் சூடு என்று நம்பி 'டக்' என்று கரண்டை நிறுத்திவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுபோகும். வருகிற ஆள் திருகைக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறார். சூடு கூடினால் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும் என்பது அவர் பாடத்தில் இல்லை. மெயினை நிறுத்தி, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றிச் சுரண்டி, தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகவென்றே வைத்திருக்கிறீர்களே, அந்த மெக்னீசியம் கம்பி மிச்சமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கையேட்டில் இதற்கு இடமில்லை. 'கடின நீரால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது' என்பதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை வரை அனுமதிக்கிறது. நாங்கள் குடிக்கலாம், உங்கள் ஹீட்டர் குடிக்கக் கூடாது. அதன் ஜாதகம் அப்படி.

முகப்பில் மின்னும் 5 நட்சத்திரங்களைப் பற்றியும் விசாரித்தேன். ஏற்றிய சூட்டைத் தொட்டி எவ்வளவு குறைவாக இழக்கிறது என்பதைப் பார்த்துக் கொடுக்கிறார்களாம். பெருமைதான். எங்கள் தொட்டியும் துளிச் சூட்டை இழப்பதில்லை, வந்தால்தானே இழக்க?

புகார் எண் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். சித்திரைக்கு முன்னால் ஆளை அனுப்புங்கள். பக்கத்துத் திருத்தணி 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் ஹீட்டர் இல்லாமலே கையைச் சுடும். அன்றைக்குப் பார்த்து உங்கள் ஆள் வந்து, குழாயில் விரல் வைத்து, 'புகார் தீர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்.

இப்படிக்கு,
வாரண்டி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும்
தங்கள் வாடிக்கையாளர்