பிக்கப் வாங்கு படலம்

பிக்கப் என்பது முன்னால் இரண்டு பேருக்கு இருக்கையும் பின்னால் ஊருக்கே இடமும் உள்ள சரக்கு வண்டி. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் கன்னிவாடியில் அதற்கு மூன்று வேலை. விடிவதற்கு முன் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோக வேண்டும். அது முடிந்ததும் பன்றிமலை, ஆடலூர்ப் பக்கம் ஏறி வாழைத்தாரும் சௌசௌவும் இறக்க வேண்டும். மிச்ச நேரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கட்டில், பீரோ, கல்யாணப் பாத்திரம் எல்லாம் சுமக்க வேண்டும். மூன்றாவதற்கு வாடகை கிடையாது. வண்டி தேர்ந்தெடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வேலைக்காகத்தான். வாங்குகிறவருக்கு இது கடைசியில்தான் தெரியவரும்.

வெளிநாட்டில் இந்த வண்டியின் ஜாதகம் வேறு. அமெரிக்காவில் பெரிய பிக்கப் வாங்குகிறவர் முதலில் விசாரிப்பது, பின்னால் மாட்டினால் எவ்வளவு எடையை இழுக்கும் என்பதைத்தான். குதிரைக் கூண்டு, படகு, சக்கரம் வைத்த வீடு என்று அங்கே இழுத்துக்கொண்டு திரியச் சாமான்கள் நிறைய. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-450 தகுந்த கொக்கியோடு 40,000 பவுண்டு, அதாவது சுமார் 18 டன் வரை இழுக்கும். அதே ஃபோர்டு சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலை நடத்தியது. அங்கிருந்து கார்கள் வந்தன, இந்த வண்டி வரவில்லை. வந்திருந்தாலும், கன்னிவாடிக் கடைவீதியில் எதிரே பஸ் வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது என்ற வழக்கு இன்றுவரை முடிந்திருக்காது.

மாட்டி இழுக்கும் வேலை இந்தப் பக்கம் டிராக்டருடையது. பிக்கப் எதையும் இழுப்பதில்லை, முதுகில்தான் சுமக்கிறது. ஆனாலும் புது வண்டியைப் பார்ப்பவர் எல்லாரும் “நல்லா இழுக்குமா?” என்றுதான் கேட்பார்கள். லோடோடு மலை ஏறும்போது பாதி வழியில் மூச்சு வாங்காமல் போகுமா என்பது கேள்வி. இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய இழுவைச் சாதனை மோட்டாருக்கு முந்தியது. 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய வியர் ஹென்றி லெவிஞ்ச், அதில் மிதக்கவிடத் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். மலைக்கு மோட்டார் சாலை வந்தது அடுத்த நூற்றாண்டில்தான். கடலோரத்துப் படகு ஏழாயிரம் அடி ஏறிவிட்ட மலையில், ஒன்றரை டன் சௌசௌவுக்கு முனகுகிற வண்டி மரியாதையை எதிர்பார்க்கக் கூடாது.

வண்டி வாங்குவதாக முடிவு செய்தவர் அதை வெளியே சொல்லாமல் இருப்பது உத்தமம். ஆனால் அது நடக்காது. கன்னிவாடி ஒரு காலத்தில் பாளையம். பாளையக்காரர் போன பிறகும் தர்பார் கலையவில்லை, டீக்கடைக்கு இடம் மாறியிருக்கிறது. அங்கே மெக்கானிக் ஒருவர், ஒட்டன்சத்திரம் லோடு ஓட்டும் டிரைவர் ஒருவர், மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர், ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாத மாமா ஒருவர் ஆகியோர் நிரந்தர உறுப்பினர்கள். வாங்குகிறவர் பார்வையாளராக அனுமதிக்கப்படுவார். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“மாப்ளே, ஒன்னு ஏழா எடுத்துரு. ஒன்னு மூணெல்லாம் பத்தாது.”

“நமக்கு வாரத்துக்கு ரெண்டு லோடு தக்காளிதான மாமா?”

“உனக்குப் பத்தும்டா. எங்களுக்கு?”

ஒன்று மூன்று, ஒன்று ஏழு என்பவை வண்டி சுமக்கக்கூடிய டன் கணக்கு. இந்தக் கணக்கை முதலில் பரவலாக்கியது டாடா ஏஸ். 2005-ல் 702 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு முக்கால் டன் வண்டியாக வந்து, ‘குட்டி யானை’ என்ற பெயரை வாங்கிக்கொண்டது. நிஜ யானைகள் நடமாடும் கன்னிவாடி வனச்சரகத்தில் இந்தப் பெயரோடு புழங்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஊருக்குள் தண்ணீர் கேன் போடவும் கடைக்குக் கடை சரக்கு இறக்கவும் அதற்கு நிகர் இல்லை. மலைக்கு என்றால் தர்பார் அதைச் சபைக் குறிப்பில்கூட ஏற்றாது. 2011-ல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து கொண்டுவந்த தோஸ்த் ஒன்றேகால் டன். நிசான் பிறகு கூட்டிலிருந்து விலகிவிட்டது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே மகேந்திராவின் பொலேரோ பிக்கப்பும் டாடா யோதாவும். இந்த இரண்டு குடும்பத்திலும் இப்போது இரண்டு டன் வரை வண்டி உண்டு. ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசுவும் 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸும் பேச்சில் வரும். ஹைலக்ஸின் விலையைக் கேட்டதும் அடுத்த டீ சொல்லப்படும்.

மெக்கானிக் தன் பட்டறையில் எந்த வண்டியின் சாமான் கிடக்கிறதோ அதையே நல்ல வண்டி என்பார். இதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பன்றிமலை வளைவில் கிளட்ச் போய் நிற்கும்போது, கம்பெனியின் உதவி எண்ணைவிட அந்தப் பட்டறைதான் பக்கம். தர்பார் சொல்வதில் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய யோசனை இது ஒன்றுதான்.

மலைக்கு வேண்டியதைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. குதிரைத்திறன் பைபாஸ் ரோட்டில் வேகமாகப் போக உதவும். ஏற்றத்துக்குத் தேவை முறுக்குவிசை, அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைப்பது. டீசல் எஞ்சினுக்கு மலையில் மதிப்பு இதனால்தான். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி என்பதால் லோடு ஏறிய பிக்கப் ஈரமான மேட்டில் ஒழுங்காக ஏறும். காலி வண்டிதான் மழைநாளில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நிற்கும். விவரம் தெரிந்த டிரைவர்கள் காலியாக ஏறும்போது நாலு மூட்டை மணலைப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். மண்பாதைத் தோட்டங்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்தான் இன்றும் ராஜா.

ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் அவமானம் மட்டும்தான். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. முழு லோடோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறி, முதலில் கருகல் வாசனை வரும். அதன்பின் பிரேக் பிடிப்பது குறைந்துகொண்டே போகும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கி, எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி விடுவதுதான் முறை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவரைப் பற்றிச் சிரிக்க எதுவும் இல்லை. அவர் வண்டிக்குப் பின்னாலேயே வருவது நல்லது, முன்னால் வேண்டாம்.

அடுத்தது சுமைக் கணக்கு. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி 14 கிலோ பெட்டியாக விலை போகிறது. அந்தக் கணக்கில் ஒன்று மூன்று வண்டிக்கு 92 பெட்டி, ஒன்று ஏழு வண்டிக்கு 121 பெட்டி. வெறும் பெட்டியின் எடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். ஆனால் ஏற்றுகிற இடத்தில் யாரும் பெட்டியை எண்ணுவதில்லை, குனிந்து பின் டயரைப் பார்க்கிறார்கள். டயர் தரையில் பிதுங்காத வரை வண்டி காலி. பிதுங்கினால், காற்றடிக்கிற கடையில் “பின்னாடி ரெண்டுக்கும் இன்னும் அஞ்சு பவுண்டு போடுண்ணே” என்று சொன்னால் மறுபடியும் காலி. தக்காளி விலை ஏறுகிற வாரத்தில் ஏற்றக் காய் இருக்காது, காய் குவிகிற வாரத்தில் டீசல் காசு தேறாது. ஆகவே வண்டி மிக அதிகமாகச் சுமப்பது மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் நாள்களில்தான்.

சட்டம் டயரைப் பார்ப்பதில்லை, எடை மேடையைப் பார்க்கிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ம் பிரிவு. எனவே மொத்த எடை 2,990 கிலோ என்று முத்திரை குத்திய வண்டிகள் சந்தையில் உண்டு. அந்தப் பத்து கிலோவில் தெரிகிறது தொழிற்சாலை எஞ்சினியர்களின் சட்ட ஞானம். அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அதோடு, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு லோடு தக்காளியின் லாபத்தை இதனோடு ஒப்பிடுவது மனசுக்கு நல்லதல்ல.

வண்டியை முடிவு செய்தாயிற்று என்றால் திண்டுக்கல் ஷோரூம். இங்கே காலம் குறுக்கே நிற்கும். ஆடியில் கடைக்காரர் தள்ளுபடி தருவார், வீட்டில் விடமாட்டார்கள். ஆடியில் புக்கிங், ஆவணியில் டெலிவரி என்று இரு தரப்புக்கும் சமரசம் ஏற்படுவது வழக்கம். 2025-ல் அப்படி நல்ல நாள் பார்த்து ஆவணியில் வண்டி எடுத்தவர்கள் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டினார்கள். புரட்டாசி பிறந்த சில நாளில், செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு வரி 18 சதவீதம் ஆனது. பஞ்சாங்கக்காரர் ராகு காலம் குறித்திருந்தார், எமகண்டம் குறித்திருந்தார், ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு அதில் கட்டம் இல்லை.

நிறம் பற்றிய விவாதம் சுருக்கமானது: வெள்ளை. அட்டவணையில் வேறு நிறங்கள் அச்சாகியிருப்பது அழகுக்காக. பதிவு எண் டிஎன் 57 என்று தொடங்கும், மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து. மிச்ச எண்களின் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் நிபந்தனை போடுவார். எட்டு வந்துவிட்டால் அதற்குப் பரிகாரம் உண்டு, வராவிட்டால் அவருக்கு ஏமாற்றம் உண்டு.

பிறகு ஃபைனான்ஸ். முன்பணம் போக மிச்சத்துக்கு மாதாமாதம் டியூ. தக்காளி விலை மாதம் தவறினாலும் டியூ தவறாது. ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடும் நாளில், ஒன்று ஏழு கேட்ட மாமா அவசரமாக மதுரை போயிருப்பார். டெலிவரி அன்று முதல் ஆளாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கம்பெனி தருவது பாதி வண்டிதான் என்பது ஊரின் தீர்மானம். மீதியைப் பட்டறை செய்து முடிக்கும். பக்கவாட்டுத் தகரத்துக்கு மேல் கம்பி வைத்து உயர்த்துவார்கள், தார்ப்பாய் கட்டக் கொக்கி அடிப்பார்கள், கேபினுக்கு மேல் கேரியர் ஏறும், ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும். பின்பக்கத்தில் ‘முருகன் துணை’யும் குழந்தைகளின் பெயரும் வந்துவிடும். கடைசியாக, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்ப்பார்கள். இதைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. கூடுதல் பட்டையால் வண்டியின் பின்பக்கம் படியாமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்சிலும் சேஸும் பழைய பலத்திலேயே இருக்கின்றன. தாங்குகிற மாதிரி தெரிவதும் தாங்குவதும் வேறு வேறு. காலி வண்டியில் போகும்போது அந்தப் பட்டையின் முழுப் பயனும் டிரைவரின் இடுப்பெலும்புக்குப் போய்ச் சேரும்.

பூஜை இல்லாமல் லோடு ஏற்ற முடியாது. பழனிக்குப் போகிறவர்கள் உண்டு. ரெட்டியார்சத்திரம் பக்கம் மலைமேல் இருக்கும் கோபிநாத சுவாமி மாடு கன்றுகளைக் காப்பவர் என்று பேர் பெற்றவர். மாடு கட்டியிருந்த கொட்டகையில் இப்போது பிக்கப் நிற்பதால், பொறுப்பும் அவருக்கே மாற்றப்படுவதில் தவறில்லை. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். நசுங்கியதும் வண்டி ஊர்ப்பொது.

உடனே இரவல் கேட்டு ஆள் வரத் தொடங்கும். கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டதால், “உன்கிட்ட லைசென்ஸ் இல்லையேப்பா” என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் அடைபட்டுப்போயிற்று. கொடுக்கலாம், பீரோவுக்கும் கட்டிலுக்கும். வளைகாப்பு, துக்க வீடு, திருவிழா என்று பின்னால் ஆட்களை ஏற்றிப்போகக் கேட்டால் மறுப்பதே சரி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். மலைவளைவில் அது கவிழ்ந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது, கேட்ட சொந்தமும் கைகொடுக்காது.

புது வண்டிக்கு முதல் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, இரண்டு வருடம் கழித்து. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடந்தோறும். எஃப்.சி.க்கு முந்தின நாள் வண்டி மறுபடியும் பட்டறைக்குப் போகும். உயர்த்திய கம்பி இறங்கும், கேரியர் கழலும், பாட்டு நிற்கும், சேர்த்த பட்டை வெளியே வரும். கம்பெனி விற்ற வண்டியை ஊர் மறுபடியும் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் எல்லாம் திரும்ப ஏறும், அதற்குத் தனிக் கூலி.