வென்றவருக்கு வட்டி, தோற்றவருக்கு விடுதலை

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் வோக்கிங். சர்ரே கவுண்டியில், லட்சம் பேருக்குச் சற்று மேல் வாழும் வசதியான ஊர். 2024 மே மாதம் அந்த ஊர் கவுன்சிலுக்கு நடந்த தேர்தலில், நெடுங்காலம் அங்கே கோலோச்சிய கன்சர்வேடிவ் கட்சி ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் துடைத்தெறியப்பட்டது. மொத்தம் 30 உறுப்பினர்கள். அதில் 24 பேர் லிபரல் டெமாக்ரட்டுகள்; மிச்சம் சுயேச்சைகளும் ஒற்றை லேபர்காரரும். ஆட்சி 2022-லேயே கைமாறிவிட்டது. 2024-இல் நடந்தது, மூலையில் ஒதுங்கியிருந்ததையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிய வேலை.

மக்கள் சவுக்கால் அடித்துவிட்டார்கள் என்று மார்தட்டிக்கொள்ளத் தோதான முடிவுதான். ஆனால் அடி யார் முதுகில் விழுந்தது? இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு டெபாசிட் கிடையாது. தோற்றவர்களுக்குக் கைக்காசு நஷ்டம்கூட இல்லை. வீட்டுக்குப் போய் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஜெயித்தவர்களுக்குக் கிடைத்தது 180 கோடிப் பவுண்டுக்குக் குறையாத கடன். ஓட்டுப் போட்டவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கடனுக்கான வட்டி. கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தால் தலைக்கு 17,000 பவுண்டு.

டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்பது ஒன்றும் பெரிய சாம்ராஜ்யம் இல்லை. குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது, நீச்சல்குளம் நடத்துவது, கவுன்சில் வரி வசூலிப்பது. வசூலித்த வரியிலும் பெரும்பங்கைக் கவுண்டி கவுன்சிலுக்கு எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். சாலை, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அவர்கள் பாடு. பெயரோடு 'பரோ' என்ற பழைய பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வோக்கிங் கவுன்சிலுக்கும் இதுதான் வேலை. அப்படிப்பட்ட கவுன்சில் குப்பைத்தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து வானத்தைப் பார்த்தது. 'விக்டோரியா ஸ்கொயர்' என்ற பெயரில், ஊர் நடுவே முப்பது மாடியைத் தாண்டும் குடியிருப்புக் கோபுரம், ஹில்டன் ஹோட்டல், கடைவீதி. அதற்கு மட்டும் 70 கோடிப் பவுண்டை ஒட்டிய செலவு. போகிற போக்கில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கும் கடன் கொடுத்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். நட்சத்திர ஹோட்டல் எவ்வளவு தின்னும் என்பதை வோக்கிங் கண்டுபிடித்துச் சொன்னது.

கவுன்சிலுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கந்துவட்டிக்காரர் யாரும் கொடுக்கவில்லை. பிரிட்டன் அரசின் கருவூலம்தான் தன்னுடைய பொதுப்பணிக் கடன் வாரியத்தின் வழியாக மலிவு வட்டியில் அள்ளிக் கொடுத்தது. 2010-க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சிகளுக்கான மானியத்தை வெட்டிய அதே அரசு, 'சொந்தக் காலில் நில்லுங்கள், தொழில் செய்து பிழையுங்கள்' என்று தட்டியும் கொடுத்தது. ஒரு கையால் சோற்றுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் சூதாட்டக் காசை நீட்டிய கதை இது. குப்பை லாரிக்கு டீசல் போடப் பணமில்லை என்றால் கைவிரிக்கும் அரசு, ஹோட்டல் கட்டப் பணம் வேண்டும் என்றால் கேள்வி கேட்காமல் கொடுத்தது.

யாராவது கணக்குப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்க ஆள் இருந்தது. தணிக்கை ஆணையம் என்ற அமைப்பு இங்கிலாந்து முழுவதும் உள்ளாட்சிகளின் கணக்கைக் குடைந்துகொண்டிருந்தது. அதை மூடப்போவதாக 2010 ஆகஸ்டில் அறிவித்தார் அப்போதைய அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ். 2015 மார்ச்சில் மூடியும் விட்டார்கள். இனிமேல் குடிமக்களே வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி கவுன்சில் கணக்கைச் சரிபார்ப்பார்கள் என்று சொல்லப்பட்டது. வோக்கிங்கில் வேலை முடிந்து களைத்து வரும் செவிலியர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணை நிறுவனங்கள் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும் கடன் பத்திரங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருவார் என்று உண்மையாகவே நம்பினார்களா? நம்பவில்லை. கேட்க ஆளில்லாமல் போனால் போதும் என்பதுதான் எண்ணம். 2023-இல் நாடெங்கும் தணிக்கை முடியாமல் தேங்கிக் கிடந்த உள்ளாட்சிக் கணக்குகள் 900-க்கு மேல். அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள்: கடைசித் தேதி ஒன்றைக் குறித்து, அதற்குள் முடியாத கணக்குகளில் 'கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று எழுதி மூடிவிடலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர்ப் பழமொழி. அவர்கள் அளக்கிற படியையே ஆற்றில் போட்டுவிட்டார்கள். பிக்கிள்ஸ் 2018 முதல் பிரபுக்கள் சபையில் பிரபு.

2023 ஜூன் 7-ஆம் தேதி வோக்கிங் கவுன்சில் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. சட்டப்படி அங்கே கவுன்சில் திவாலாக முடியாது. அதனால் கஜானா காலி என்பதைச் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி நாசூக்காக அறிவிப்பார்கள். பற்றாக்குறை 120 கோடிப் பவுண்டு. அந்த ஆண்டு செலவுக்குக் கையிலிருந்தது 1 கோடியே 60 லட்சம். அதாவது, 75 வருஷத்துக்கு ஒரு குப்பைத்தொட்டிகூடக் காலி செய்யாமல் முழுப் பணத்தையும் கட்டினால் அந்தப் பள்ளம் நிரம்பும், வட்டி தனி.

எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவலில் செவ்வாய்க் கிரகத்துப் படை வந்திறங்கும் இடம் இந்த ஊரை ஒட்டிய ஹார்செல் பொட்டல். அதன் நினைவாக ஊர் நடுவே 7 மீட்டர் உயரத்தில், மூன்று கால்களுடன் ஒரு உலோக ராட்சதன் பளபளவென்று நிற்கிறது. நாவலில் வந்த செவ்வாய்க்காரர்கள் கிருமி தாக்கிச் செத்துப்போனார்கள். கோபுரம் கட்ட வந்தவர்களுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

114-ஆம் பிரிவு அறிவிப்புக்கு முன்பே வந்திறங்கியிருந்தார்கள் ஆணையர்கள். மத்திய அமைச்சர் நியமித்தவர்கள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர்கள். கவுன்சிலின் பணப்பெட்டிச் சாவி அவர்கள் கண்காணிப்பில். அவர்களுக்கான ஊதியத்தைக் கொடுக்க வேண்டியதும் அந்த ஓட்டாண்டிக் கவுன்சில்தான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். ஆக, 30 பேரைத் தேர்ந்தெடுக்க ஊர் கூடித் தேர்தல் நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எதை மூடலாம் என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியல் போதுமா என்று ஆணையர்கள் பார்க்கிறார்கள். பொதுக் கழிப்பறை, நீச்சல்குளம், விளையாட்டுத் திடல், தொண்டு அமைப்புகளுக்கான சிறு மானியம் எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறின. கோபுரம் கட்டிய ஊரில் ஒரு கிழவர் சிறுநீர் கழிக்க இடம் தேட வேண்டும். அதோடு, கவுன்சில் தன் பங்கு வரியை 10 சதவீதம் ஏற்றிக்கொள்ளவும் அரசு சிறப்பு அனுமதி தந்தது. ஏப்ரலில் ஏறிய வரி, மே மாதத்தில் தேர்தல்.

இந்த லட்சணத்தில் பிரச்சாரம் எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டுமே! இங்கிலாந்தின் எந்த டிஸ்ட்ரிக்டுக்குப் போனாலும் துண்டறிக்கையில் அதே படம்: கோட்டுப் போட்ட வேட்பாளர் தெருப்பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, வீட்டில் எழவு விழுந்ததுபோல் முகத்தை வைத்திருப்பார். பள்ளத்தை மூடும் அதிகாரம் கவுண்டி கவுன்சிலுக்கு. அவர் நிற்கும் தேர்தலோ டிஸ்ட்ரிக்டுக்கு. ஜெயித்தாலும் அந்தப் பள்ளத்துக்குக் கடிதம் எழுதத்தான் அவரால் முடியும். பக்கத்திலேயே ஒரு பட்டை வரைபடம். சொந்தக் கட்சிக்கு விண்ணைத் தொடும் பட்டை, எதிர்க்கட்சிக்குக் கட்டைவிரல் உயரம். எண்களைப் பார்த்தால் வித்தியாசம் கையளவுதான் இருக்கும். 'இங்கே அவர்களால் ஜெயிக்க முடியாது' என்று கீழே ஒரு வரி. கடன் பற்றி அதிலே எழுதினால் இடம் போதாது.

ஓட்டுப்பதிவன்று பத்து வாக்காளர்களில் ஆறேழு பேர் வருவதில்லை. வந்தவர்களையும் சும்மா விடவில்லை. 2023 மே முதல் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயம். முதியவரின் பஸ் பாஸ் செல்லும். இளைஞரின் ரயில் அட்டை செல்லாது. அந்த முதல் தேர்தலில் திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வராமலே போனவர்கள் குறைந்தது 14,000 பேர் என்று தேர்தல் ஆணையமே சொன்னது. முன்னாள் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் ஒரு மாநாட்டு மேடையில் உண்மையைப் போட்டு உடைத்தார்: தேர்தலைத் தனக்குச் சாதகமாக வளைக்கப் பார்க்கும் கட்சிக்கு அந்தச் சூழ்ச்சியே வினையாகும், அட்டையில்லாமல் திரும்பியவர்கள் நம்முடைய வயதான வாக்காளர்கள்தான் என்ற பொருளில் பேசினார். திருடப் போன இடத்தில் தன் பர்ஸைத் தொலைத்தவரின் புலம்பல் இது. ஓட்டுப் போட வந்தவரிடம் 'நீ யார்' என்று கேட்கத் தெரிந்த அரசுக்கு, 180 கோடி கடன் கேட்டு வந்தவரிடம் 'எப்படிக் கட்டுவாய்' என்று கேட்கத் தெரியவில்லை.

எண்ணிக்கை முடிந்ததும் முடிவு லண்டனுக்குப் போய்விடும். குப்பைக்கும் நீச்சல்குளத்துக்கும் போட்ட ஓட்டை எடுத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் நாடு தழுவிய சதவீதமாக மாற்றும். 2024-இல் பிபிசி கணக்கில் லேபர் 34, கன்சர்வேடிவ் 25, லிபரல் டெமாக்ரட் 17. பிரதமர் நிலைப்பாரா, வீழ்வாரா என்று விடிய விடியப் பேசுவார்கள். வோக்கிங்கில் கழிப்பறை திறந்திருக்குமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இந்த நாட்டுக்குக் கவுன்சிலர்களைத் தண்டிக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1921-இல் கிழக்கு லண்டனின் பாப்லர் கவுன்சிலர்கள், வேலையில்லாத ஏழைகளின் வயிற்றுக்குத்தான் எங்கள் வரிப்பணம் என்று சொல்லி, லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கான பங்கைக் கட்ட மறுத்தார்கள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி உட்பட 30 பேரையும் சிறையில் தள்ளினார்கள். 1972-இல் டார்பிஷர் கவுண்டியின் கிளே கிராஸ் என்ற சிற்றூரில், ஏழைகளின் வீட்டு வாடகையை ஏற்ற மாட்டோம் என்று 11 கவுன்சிலர்கள் சட்டத்தை எதிர்த்து நின்றார்கள். நஷ்டத்தை அவர்கள் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்கத் தணிக்கையாளர் உத்தரவிட்டார். திவாலாக்கினார்கள், பதவிக்கு வரவும் தடை போட்டார்கள். ஏழையிடம் ஒரு பவுண்டு கூடுதலாக வாங்க மறுத்தவனுக்கு அந்தத் தண்டனை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அபராத முறையை எடுத்துவிட்டது. இன்று 180 கோடிக்குக் கைதூக்கியவருக்கு அதிகபட்ச தண்டனை, அடுத்த தேர்தலில் தோற்பது. ஏழைக்காக வரம்பு மீறினால் ஜெயில், கோபுரத்துக்காக மீறினால் ஓய்வு!

கடைசியில் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுப் பலகையையே தூக்கி எறிந்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் லேபர் அரசு, கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டடுக்கு முறையையே ஒழிக்கப்போவதாக வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2025 மே மாதம் நடக்க வேண்டிய சர்ரே கவுண்டி தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் முடிவு வந்தது: கவுண்டி கவுன்சிலும் அதன் எல்லைக்குள் இருக்கும் 11 டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களும் கலைக்கப்படும், 2027 ஏப்ரலிலிருந்து கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்கள். வோக்கிங்கின் கடனில் 50 கோடியை அரசே அடைக்குமாம். தானே கேள்வி கேட்காமல் கொடுத்த கடனில் ஏறத்தாழக் கால்பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறது.

மிச்சக் கடன்? அது மேற்கு சர்ரேயின் தலையில். அதே கூட்டில் சர்ரேயின் இன்னொரு டிஸ்ட்ரிக்டான ஸ்பெல்தார்னும் தன் 100 கோடிக்கு மேற்பட்ட கடனுடன் வந்து சேர்கிறது. அதுவும் அலுவலகக் கட்டடங்கள் வாங்கிப் பெற்ற பேறு. ஒரு நாள்கூட வோக்கிங்கில் ஓட்டுப் போடாத, ஹில்டனில் ஒரு காபி குடிக்காத கில்ட்ஃபர்ட், வேவர்லி மக்களும் இனி இவற்றுக்குப் பங்காளிகள். பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கும் உள்ளாட்சி ஓட்டு உண்டு என்பதால், சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போய் அந்தப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வரிச்சீட்டோடு இந்த ஜனநாயக உரிமை வந்து சேரும்.

கடன் வாங்கிய கட்சி போய்விட்டது. கடன் வாங்கிய கவுன்சிலும் போகப்போகிறது. கணக்குப் பார்த்த ஆணையம் முன்பே போய்விட்டது. கடன் கொடுத்த கருவூலம் மட்டும் அசையாமல் இருக்கிறது. அடுத்த தேர்தலில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க மேற்கு சர்ரே மக்களுக்கு முழு உரிமை உண்டு. கடனாளி என்ற பதவிக்கு மட்டும் ஓட்டெடுப்பு கிடையாது. அதற்கு அவர்களே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள், ஆயுட்கால உறுப்பினர்களாக.